குறுக்கே ஒரு பனங்குற்றி

விசுவமடுப் பள்ளிக்கூட வாசலில், கிரவல் றோட்டுக்குக் குறுக்கே பிளந்த பனங்குற்றி கிடக்கிறது. லொறிகளின் வேகத்தைக் குறைக்க, முதலில் குடியிருப்புச் சனம் மண்ணணைதான் போட்டது. காயக்காரரை ஏற்றிவந்த வான் அதில் குதித்தபோது உள்ளே எழுந்த ஓலத்தைக் கேட்டு, அன்றைக்கே சனம் அதை வெட்டித் தள்ளியது. இப்போது குற்றியின் ஒரு நுனிக் கயிற்றைப் பிடித்தபடி வேலியோரம் சிவலட்சுமி குந்தியிருக்கிறாள். மறுநுனிக் கயிறு எதிர்ப்பக்கம் சுகந்தினியின் கையில். விடாமல் ஒரு ஹோன் ஒலிக்கிறது. வான் யன்னலில், உள்ளே காயக்காரர் என்பதற்கு அடையாளமாக, வெள்ளைத் துவாய் படபடக்கிறது. சிவலட்சுமி உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்க, குற்றி கிரவலை உரசிக்கொண்டு விலகுகிறது. வான் கடந்த புழுதிக்குள்ளேயே, கிடைத்த வழியை விடக்கூடாதென்று, மரம் ஏற்றிய லொறியொன்றும் ஹோனை அமத்தியபடி வருகிறது.

“இழு பிள்ளை,” என்கிறாள் சிவலட்சுமி. சுகந்தினி இழுக்க, குற்றி மறுபடி குறுக்கே வருகிறது. குற்றிக்கு முன்னால் லொறி முனகி நிற்கிறது.

“அவசரமக்கா, எடுங்கோ.”

“உங்கட லொறிக்குள்ளை ஆரும் அழுற சத்தம் கேக்கேல்லை, அண்ணை.”

பள்ளி மணி அடிக்கிறது. பிள்ளைகள் கைகோத்து றோட்டைக் கடக்கிறார்கள். கடைசியாக, போன வருசம் இதே இடத்தில் லொறி ஏறி நசுக்கிய காலை இழுத்தபடி, சிவலட்சுமியின் மகள் சுமித்திரா. டீசல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடும் லொறியின் புகைக்குள் இருந்து பார்க்கும் சாரதி எஞ்சினை நிறுத்துகிறான். கிரவலில் அவள் தடி ஊன்றும் சத்தம் மட்டும் கேட்கிறது.