வலிப்பு வர வேண்டிய நாள்

மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்தால் முதலில் இடது ஓரம்தான் இழுக்கும்.

மாவட்ட ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. பெஞ்சில் இவர்கள் இருவர் மட்டும்.

ஒன்பது வயது கனிஷ்கா காலை ஆட்டிக்கொண்டே கதவில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

மருத்துவக் கஞ்சா அனுமதிக் குழு.

போன வருடம் ஒரு நாளைக்கு இருபது வலிப்பு. பெற்றவளையே அடையாளம் தெரியாமல் கிடந்த பிள்ளை. அரசாங்கம் கஞ்சா எண்ணெயை மருந்தாக அனுமதித்தது. காலையில் மூன்று சொட்டு, மாலையில் மூன்று சொட்டு. வலிப்பு நின்றேவிட்டது.

அதுதான் வினையாகிப் போனது.

வலிப்பு வரும் நாட்களை நோட்டில் குறித்துக் குழுவிடம் காட்ட வேண்டும். சென்ற முறை நான்கு மாதமும் வெறுமையாக இருந்த நோட்டைப் பெருமையோடு நீட்டினாள். அசடு.

"வலிப்பே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு மருந்து? அடுத்த தடவையும் இப்படியே இருந்தா அனுமதி ரத்துதான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இங்கே மூன்று பூசாரிகள். டாக்டர், மருந்து ஆய்வாளர், போலீஸ் டி.எஸ்.பி.

பொய் எழுதவும் வழியில்லை. வலிப்பை நேரில் பார்த்தவர் கையெழுத்து இருந்தால்தான் கணக்கு; வாராவாரம் நர்ஸ் நோட்டைச் சரிபார்க்கிறாள்.

மூன்று நாளாக மகளுக்குச் சொட்டு விடவில்லை.

குழுவின் கண்ணெதிரே ஒரே ஒரு வலிப்பு வர வேண்டும் என்று காலையில் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மீதி எண்ணெய் இருந்த பாட்டிலை வந்ததுமே கவுன்டரில் ஒப்படைத்தாயிற்று. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும்.

பதினொன்றரைக்கு பியூன் வந்து குழு அறையைப் பூட்டினார்.

"டி.எஸ்.பி. பந்தோபஸ்துக்குப் போயிட்டாரு. மூணு பேரும் இருந்தாத்தான் கமிட்டி. அடுத்த வியாழக்கிழமை வாங்கம்மா."

"அந்தப் பாட்டிலையாவது குடுங்கண்ணே."

"கையெழுத்து இல்லாம எப்படிம்மா?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

உதட்டின் இடது ஓரம் இழுத்தது.

மகளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்குக் கொடுத்தாள். சின்ன உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

பியூன் டாக்டரைக் கூப்பிட ஓடப்போனார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். நோட்டை விரித்து நீட்டினாள்.

"நீங்க பாத்தீங்கல்லண்ணே? மொதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."