வெள்ளிக்கிழமைத் திறப்பு

“அங்கிள், சம்பளம் ரெண்டு மடங்கு. ஆறு கிழமை ஃபெரி லீவு, அதுவும் சம்பளத்தோட. இன்னும் என்ன வேணும், சொல்லுங்கோ!”

ஒஸ்லோவின் பெரிய வங்கியொன்றுக்கு ஆள் சேர்க்கும் அபிஷா கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

நகரின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் இருந்தது அந்தக் குட்டி இஸ்லாமிய வங்கி. வட்டியில்லாச் சிறுகடன் கொடுப்பது அதன் தொழில். தொடங்கி ஒன்பது வருடம். இந்த 2008 வரை அங்கே வேலையை விட்டது ஒரு கோப்பி இயந்திரம் மட்டும்தான். ஒருவரையாவது இழுத்து வந்தால்தான் அபிஷாவுக்குப் பதவி உயர்வு. ஏழு பேர் கையை விரித்துவிட்டார்கள். மிஞ்சியவர் கணக்காளர் மகேசன்; அவர் மேசைக்கே வந்துவிட்டாள்.

“மற்றவையளுக்கு மார்க்கம். நீங்கள் பிள்ளையார் கும்பிடுற ஆள். உங்களை எது பிடிச்சு வச்சிருக்கு?”

“கதிரை நல்லது, பிள்ளை.”

அந்தக் கதிரையின் ஒரு கால் இரண்டு தொலைபேசிப் புத்தகங்களின் மேல் நின்றது.

“பகிடி விடாதேங்கோ.”

“உங்கட வங்கியில இப்பவும் பெட்டகத்துக்கு மூண்டு பூட்டு, மூண்டு திறப்பு, மூண்டு பேரிட்டையோ? நாலு கமெராவோ?”

“இப்ப ஆறு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஊரறிஞ்ச விசயம்தானே.”

வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். ஏழு பேரும் காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டார்கள். முகாமையாளர் யூசுப் போகிற போக்கில் ஒரு திறப்புக் கொத்தை மகேசனின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அபிஷா அண்ணாந்து நாலு மூலையும் பார்த்தாள். ஒரு கமெராகூட இல்லை.

“பெட்டகத்துத் திறப்புமோ?” கோயிலுக்குள் வந்தவளைப் போல அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

“ஓம். ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு மணி வரைக்கும் முழு வங்கியும் என்ர கையில. ஒன்பது வருசமா.”

“அவையளுக்குப் பயமில்லையோ?”

“நான்தான் பயந்தனான். முதல் வெள்ளி திறப்பைத் தொடாமல், அவை வரும்வரைக்கும் வாசல்ல போய் நிண்டனான்.”

“நீங்கள் ஏன் பயப்பிடோணும்?”

“அதுக்கு முதல் கிழமைதான் மூண்டு வருசம் மறியல்ல கம்பி எண்ணி விடுதலையாகி வந்தனான். யூசுப்பிட்ட ஒண்டும் ஒளிக்காமல் சொல்லித்தான் வேலை கேட்டது.”

மகேசன் அவள் கொண்டுவந்த வேலைக் கடிதத்தைப் பக்குவமாக மடித்துத் திருப்பி நீட்டினார்.

“மூண்டு திறப்பு, நாலு கமெரா எல்லாத்தையும் ஏமாத்தி, உங்கட வங்கிப் பெட்டகத்தை வழிச்சுத் துடைச்சது நான்தான், பிள்ளை.”