கூலி வாங்கும் கை

“இன்னைக்கு அந்த மனுசனை நாலு பேரு முன்னாடி நிறுத்திக் கேக்கல, என் பேரு ஆண்டியப்பன் இல்ல!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இறங்கினான் ஆண்டியப்பன்.

“நல்லாக் கேளுங்க. என் தம்பிக்காக நீங்க கேக்கலேன்னா வேற யாரு கேப்பா? நானும் வர்றேன்.” ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டு பின்னாலேயே கிளம்பினாள் அவன் மனைவி காளியாயி.

அவள் தம்பி முத்துலிங்கம் ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். பஸ் முதலாளி கணேசமூர்த்தி. மேடை ஏறினால் ஏழை பணக்காரன் பேதம் ஒழிய வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசுகிற அரசியல்வாதி. இறங்கிவிட்டால் கதையே வேறு. தன்னிடம் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென்று கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார். மிச்சச் சம்பளம் அவர் பெட்டியிலேயே தங்கிவிடும்.

முத்துலிங்கத்துக்கு ஆவணியில் கல்யாணம். தாலிக்குத் தங்கம் வாங்க வேண்டும். தன் சம்பளத்தைத் தானே கேட்டு நடையாய் நடந்தான் பையன். ‘பார்க்கலாம்’ என்பதற்கு மேல் முதலாளி வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“நீங்க கேட்டு, அவரு என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாருன்னா என்ன பண்றது, மச்சான்?” வழியில் வந்து சேர்ந்துகொண்ட முத்துலிங்கத்துக்கு உதறல்.

“தூக்கட்டும். இப்பிடி பயந்து சாகுறவனுக்குக் கல்யாணம் எதுக்குடா?”

தோட்டத்து அம்மன் கோயில் முன்னால் கணேசமூர்த்தியின் பேச்சைக் கேட்க நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் பெரிய காரில் வந்து இறங்கினார். போட்ட மாலைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மூச்சுப் பேசித் தீர்த்தார்.

“உங்கள் வியர்வையில் இன்னொருவன் சுகமாக வாழலாமா? சொல்லுங்கள்!” என்று அவர் முழங்கியதும் கைதட்டல் எழுந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்து ஆண்டியப்பன் எழுந்தான்.

“ஐயா, ஒரு கேள்வி.”

“தாராளமாக் கேளு. நீ என் சகோதரன்.”

“உங்க பஸ்ல வேலை செய்யிறவங்களுக்குச் சம்பளத்த ஏன் கையில குடுக்க மாட்டேங்கிறீங்க?”

மேடையில் இருந்தவர்களுக்கு முகம் கறுத்துவிட்டது. “உக்காருடா!” என்று ஒருவர் அதட்டினார். பக்கத்தில் இருந்த பழனியாண்டி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“அவரு நம்ம தோட்டத்துத் துரைக்குச் சிநேகிதருடா. உன் பேரை வெட்டிடப் போறாங்க. உக்காரு!”

ஆண்டியப்பனுக்கும் பயம் இல்லாமல் இல்லை. தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். ஆனாலும் வந்த காரியம் முடியாமல் உட்காருவதில்லை என்று நின்றான்.

கணேசமூர்த்தி சிரித்தார். “எல்லாம் அவங்க நன்மைக்குத்தான், தம்பி. விவரம் போதாத பசங்க. கையில குடுத்தா கண்டபடி செலவழிச்சிடுவாங்க. தகப்பன் மாதிரி நான் பத்திரமா வெச்சிருக்கேன். என் காசு, அவங்க காசுன்னு நான் பிரிச்சு நினைக்கிறதே இல்லப்பா.”

“நீங்க நினைக்க மாட்டீங்க. அவங்க நினைக்கிறாங்களே, ஐயா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஆண்டியப்பனுக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது.

“பாடுபட்டவன் அவன். அத ஆக்குறதோ அழிக்கிறதோ அவன் பாடு. பத்திரமா வெச்சிருங்கன்னு உங்ககிட்ட யாரு வந்து அழுதா? ஆத்தா சந்நிதியில நிக்கிறீங்க. எப்ப குடுப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!”

முதலில் கைதட்டியது காளியாயி. அவளைத் தொடர்ந்து பெண்கள் பக்கம் முழுவதும் தட்டியது. அதற்கப்புறம் அதை அடக்க யாராலும் முடியவில்லை.

கணேசமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பேர் பார்க்க எங்கே நழுவுவது?

“சரிப்பா, பாக்கி எல்லாத்தையும் தீர்த்துடுறேன். இனிமே அவங்கவங்க சம்பளம் அவங்கவங்க கையில.”

சொன்னபடி கொடுத்தும்விட்டார். முத்துலிங்கம் தங்கம் வாங்கிவிட்டான். ஆண்டியப்பன் பேரை யாரும் வெட்டவில்லை. அவனுக்கோ தலைகால் புரியவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் அந்தக் கதைதான், மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனாலும் அந்தக் கதைதான். கேட்டவர்களே மறுபடியும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது தோட்டத்தில் சம்பள நாள். ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் ஆண்கள் வரிசை. பெண்சாதி மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த கூலியைப் புருஷன் வாங்கிக்கொண்டு போவது அங்கே காலங்காலமாக நடக்கிற வழக்கம். போகிற வழியில் கள்ளுத் தவறணைக்குள் நுழைந்து வருவதும் அப்படித்தான்.

“காளியாயி!” என்று கூப்பிட்டார் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்.

ஆண்டியப்பன் எப்போதும்போலக் கையை நீட்டினான். அவன் கையை ஒதுக்கிவிட்டு, கொழுந்துக் கறை ஏறிய இன்னொரு கை ஜன்னலுக்குள் நீண்டது.

“இங்க உனக்கென்ன புள்ள வேலை? வீட்டுக்குப் போ. உங்கிட்ட குடுத்தா நீ கண்டதுக்கும்...”

பாதியிலேயே நிறுத்திவிட்டான். வரிசை மொத்தமும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளாக்கருக்குச் சங்கடம். “வழமையா உன்ர மனுசன்தானே வாங்குறவர், பிள்ளை?”

காளியாயி நீட்டிய கையை மடக்கவில்லை.

“பஸ் முதலாளி சரின்னு சொல்லிட்டாருங்க. எங்க வீட்டு முதலாளி என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுங்க!”