ராத்திரி மாத்திரை

காலையில் அப்பா உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில், சுவரில் தொங்கும் மாத்திரைப் பையில்தான் இருந்தது.

முட்டி தேய்ந்துபோன அம்மா, அடுப்படியிலிருந்து நொண்டி நொண்டி வந்தாள். அன்றைய தேதி போட்ட உறைக்குள் விரலை விட்டு, வெள்ளை மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ரைட்!" என்றாள்.

அதற்கப்புறம்தான் அப்பா விழுங்கினார்.

மகள் சிஸுருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, எட்டி எடுத்தா கை சுளுக்கிடுமா?"

"உன் மிஸோ சூப் ஆறுது. குடி" என்றார் அப்பா.

உவாஜிமா மலைப்பாதையில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா தோகுஜி. பதினோரு வருஷமாக வீட்டில் இதே கூத்து. காலையில் ரத்த அழுத்தத்துக்கு வெள்ளை மாத்திரை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொலஸ்ட்ராலுக்கு மஞ்சள். இரண்டையும் அம்மாதான் எடுத்துத் தர வேண்டும். போதாததற்கு உத்தரவும் அவளே போட வேண்டும்!

இதனாலேயே முட்டி ஆபரேஷனை அம்மா இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டாள். "நான் மூணு வாரம் ஆஸ்பத்திரியில படுத்துட்டா, அவருக்கு யாருடி மாத்திரை தர்றது?"

அதற்கு ஒரு வழி பண்ணத்தான் லீவு போட்டுவிட்டு ஒஸாகாவிலிருந்து வந்திருந்தாள் சிஸுரு. இருவரையும் கிளப்பிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"இவ்வளவுதானே?" என்றார் டாக்டர். "ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ரெண்டும் இருக்கிறவங்களுக்கு இப்ப ரெண்டு மருந்தும் சேர்ந்து ஒரே மாத்திரையா வருது. காலைல ஒண்ணு போட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. ராத்திரி மறந்து தூங்கிட்டோமேன்னு கவலைப்பட வேண்டாம்."

"அப்ப... ராத்திரிக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டாள் அம்மா.

"கிடையாதும்மா! உனக்கு விடுதலை!" என்றாள் சிஸுரு.

அம்மா சிரித்தாள். கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "ரெண்டாவே இருக்கட்டும்."

"புது மருந்துன்னு பயப்படறீங்களாய்யா? இப்ப சாப்பிடற அதே ரெண்டுதான்."

"பயமெல்லாம் இல்லை. நான் என்னிக்காவது ஒரு வேளை விட்டிருக்கேனா டாக்டர்?"

டாக்டர் அவருடைய பழைய சீட்டுகளைப் புரட்டினார். "இல்லை. ரெண்டுமே கட்டுக்குள்ளதான் இருக்கு. இவ்வளவு ஒழுங்கா சாப்பிடறவருக்குத் தனித்தனியாக் கொடுத்தாலும் ஒண்ணும் மோசமில்லை."

சிஸுரு டாக்டரை ஒரு முறை முறைத்தாள். படித்தவர்களே இப்படி வளைந்து கொடுத்தால் இந்த ஆண்கள் எங்கே திருந்துவார்கள்?

அம்மா மருந்துக் கடைக்குள் போய் உட்கார்ந்தாள். பஸ் நிறுத்தத்தில் அப்பாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள் சிஸுரு.

"அம்மா ஆபரேஷனுக்கு என்ன பதில்?"

"அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில சேரட்டும். மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கிறேன்."

"அப்பாடா! இப்பவாவது வழிக்கு வந்தீங்களே!"

"காலைல ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி அவ 'ரைட்' சொல்லட்டும். அது போதும்."

சிஸுரு கத்திய கத்தலில், நிறுத்தத்தில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கால்ல தையலோட படுத்திருக்கிறவ, வலியில முனகிக்கிட்டே உங்களுக்கு போன் பண்ணணுமா? அவ என்ன நீங்க வெச்ச வேலைக்காரியா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மேட்டில் திணறிக்கொண்டு ஏறி வந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா.

"அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, படி."

"ஒன்மேன். டிரைவர் மட்டும்தான், கண்டக்டர் கிடையாது. நான் பிறந்ததிலேர்ந்து எல்லா பஸ்லயும் அதான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க!"

"உங்கம்மா என் பஸ்ல கண்டக்டரா இருந்தா. தெரியுமில்ல?"

தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஆறு வருஷம். அதற்கு மேல் அவள் கேட்டுக்கொண்டதில்லை.

"நீலத் தொப்பி. கழுத்துல விசில். ஆரஞ்சுத் தோட்டத்து வளைவுல லாரி எதிரே வந்தா நான்தான் பின்னாடி எடுக்கணும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். மழை பெஞ்சா கண்ணாடியில ஒரு எழவும் தெரியாது. அவ இறங்கி நனைஞ்சுக்கிட்டே நின்னு, விசிலை ஊதி, 'ரைட்'னு ஒரு சத்தம் கொடுப்பா பாரு... அது காதுல விழுந்தாத்தான் என் கால் பெடலைத் தொடும். ஆறு வருஷத்துல பஸ்ல ஒரு கீறல் விழுந்ததில்லை."

மருந்துக் கடைக் கதவு திறந்தது. அம்மா மருந்துப் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

அவளுக்குக் கேட்காத குரலில் அப்பா சொன்னார்:

"ஒரு நாள் கம்பெனி ரெண்டு பேர் வேலையை ஒண்ணாக்கிடுச்சு. உங்கம்மா தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு இறங்கினா. நான் வாயே திறக்காம பஸ்ஸை எடுத்துட்டுப் போயிட்டேன். இந்தத் தடவை டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டேன், அவ்வளவுதான்."