ஒரே ஒரு ஆட்டம்

“மாப்பிள்ளையோட ரூமைப் பார்க்கணும்.”

சரண்யாதேவி இப்படிக் கேட்டதும், கோச்சடை வீட்டுக் கூடத்தில் காபி உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் வருவார்கள், பெண் வருவதில்லை. அடம்பிடித்துக் கூடவே வந்தவளிடம், “அங்க வந்து எதையும் கேக்கக் கூடாது” என்று பஸ்ஸிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தார் அப்பா அழகுமலை.

“என்னண்ணே இது கூத்து!” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா ஒச்சம்மாள். “ரூமுக்குள்ள என்ன புலியா கட்டிக் கெடக்கு?”

“வாசல்ல வாரப்ப உள்ள துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு. அதான் கேட்டேன்.”

மாப்பிள்ளை அருண்பாண்டி சிரித்துவிட்டான். “கம்ப்யூட்டர் கேம்ங்க. வாங்க, வந்து பாருங்க.”

அழகுமலை அவசரமாகக் குறுக்கே புகுந்தார். “தப்பா நினைக்காத தங்கச்சி. படிச்ச புள்ள, வெடுக்குனு பேசிப்புடும். எங்க வம்சத்துலயே மொத டிகிரி. யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல மஞ்சக்காமாலை வந்து, கண்ணு உள்ள போயி, எலும்பும் தோலுமா ஆகி, ஒரு வருசம் பாழாப் போச்சு. வாராவாரம் கீழாநெல்லி அரைச்சு நாகமலை புதுக்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போனேன். இல்லாட்டி இது கோல்டு மெடலு!”

அறையில் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. திரையில் ஒரு துப்பாக்கி அசையாமல் காத்திருந்தது. சரண்யா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடது கை விரல்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

“தினமும் எம்புட்டு நேரம் ஆடுவீங்க?”

“ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம். அம்மா சோத்துக்குக் கூப்பிட்டா எந்திரிச்சிருவேன்.”

“ஆட்டம் பாதியில இருந்தா?”

“இருந்தா என்னங்க? சோறு ஆறிப்போயிரும்ல.”

“இப்பக்கூட நீங்க வந்ததும் பட்டுனு எந்திரிச்சுட்டானே” என்றாள், பின்னாலேயே வந்து நின்ற ஒச்சம்மாள் பெருமையாக.

சரண்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பொய் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகட்டும் என்று தானாகச் சொல்லியனுப்பிய ஒரே மாப்பிள்ளை. அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

“உங்களுக்கும் கத்துத் தாரேன்.” நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். “சும்மா ஒக்காருங்க. ஒரே ஒரு ஆட்டம்.”

“வேணாம்.” குரல் கணீரென்று வந்தது. “இந்தச் சம்பந்தமும் வேணாம். மன்னிச்சிருங்க.”

அவள் விறுவிறுவென்று வெளியேற, அழகுமலை ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடி வந்தார்.

“ஏத்தா, கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? அந்தப் பையன் மேல என்ன குத்தம்? கூப்பிட்ட குரலுக்கு எந்திரிச்சு வார புள்ள!”

“அவரு எந்திரிச்சு வந்துருவாருப்பா.” சரண்யா வாசற்படியை விட்டு இறங்கினாள். “எனக்கு மஞ்சக்காமாலையே வரல. அந்த வருசம் பூரா, பரீட்சை அன்னிக்கும்கூட, பிரவுசிங் சென்டர்ல இதே ஆட்டத்தை விட்டு எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தவ நான்தான்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.