குணபூசணி அக்காவின் ஸ்கிரீன்

உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃப்ளாப்பியைச் சொருக, யாரிடமாவது கைகட்டி நின்றிருக்கிறீர்களா?

வாசு நின்றுகொண்டிருந்தான். பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நாலாவது மாடியில், கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால்.

"முடியாது தம்பி. ஃப்ளாப்பி டிரைவ் எல்லாம் பூட்டுதான். சாவி என்கிட்ட இருக்கு. அதுவும் வராது," என்றார் குணபூசணி அக்கா. அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சப்போர்ட் என்றால் அவர் ஒருவர்தான்.

"சரி, சூப்பர்வைசர் பாஸ்வேர்டாவது குடுங்கக்கா. அஞ்சு நிமிஷ வேலை. நானே பார்த்துக்குறேன்."

"ஏன், என் ஐ.சி. கார்டு, வீட்டுச் சாவி எல்லாம் வேணாமா? கேளு, கேளு."

கரூர்க்காரன் வாசு மலேசியா வந்து இரண்டு வருஷம். இந்தக் கம்பெனிக்கு வந்து ஒரு மாதம். பிரீமியம் கணக்குப் புரோகிராமைத் திருத்த வந்த கான்ட்ராக்ட் ஆள் என்று ஆபீஸில் பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துக் காட்டினால் கான்ட்ராக்ட் நீளும், இங்கே வேலை செய்யும் பெர்மிட்டும் நீளும். இல்லையென்றால் விமானம்தான். ஜெனரல் மேனேஜர் ராதாகிருஷ்ணன் அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

இன்று வியாழன்.

வாசுவுக்குத் தன் மேல் சந்தேகமே கிடையாது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை, கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி என்று போன இடத்திலெல்லாம் வேலையை முடித்துக் கொடுத்தவன். அங்கெல்லாம் மானிட்டரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டையே காட்டி, "எடுத்துக்குங்க பாஸ்" என்றார்கள். இங்கே கம்பைலர் சாஃப்ட்வேர் போட அக்காவைக் கேட்க வேண்டும். மோடம் கூடாது. பிரிண்டரில் பேப்பர் மாட்டினால்கூட "யார் அது தொட்டது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"அக்கா, டாக்டரை வரச் சொல்லிட்டு ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"நீ என்ன டாக்டரோ, எனக்கு எப்படி லா தெரியும்?"

"ஒரு மாசமா பார்க்குறீங்களே, என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

"திருடன் எவன் நெத்தியில எழுதிக்கிட்டு வரான்? ராதாகிருஷ்ணன் சாரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. இப்பவே திறந்து விடுறேன்."

"அவர்கிட்ட போக முடியாதுக்கா. 'அது உன் சாமர்த்தியம்'னு சொல்லிடுவாரு."

அது உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "தம்பி, உன்மேல எனக்குக் கோபம் இல்ல. குடுத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே எனக்கு வேலை போயிடும். பெரியவ இப்பதான் யூனிவர்சிட்டி போயிருக்கா. அவ அப்பாவும் இல்ல. இந்தச் சம்பளம்தான் எங்க வீடு. போ, வேற வேலை இருந்தா பாரு."

மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார்கள். வாசு மட்டும் தன் மேசையில் உட்கார்ந்து, பூட்டிய டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா டப்பாவோடு வந்தார்.

"சாப்பிடல?"

"பசிக்கலக்கா."

"பசிக்கலையா, பிடிவாதமா?" டப்பாவை அவன் பக்கம் தள்ளினார். இடியப்பமும் சொதியும். "சாப்பிடு. சாப்பாட்டுக்கு பாஸ்வேர்ட் இல்ல."

செராஸில் வாடகை அறையில் தினமும் மேகி தின்று பழகிய வாய். வாசு மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான்.

"ஊர்ல யார் இருக்கா?"

"அம்மா. தங்கச்சி. அவளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. இந்த நேரத்துல வேலை இல்லாம போய் இறங்கினா..." சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அக்கா காலி டப்பாவை எடுத்து மூடினார்.

"எங்க வீட்டுக்காரரும் இருந்த வரைக்கும் கான்ட்ராக்ட்தான் தம்பி. ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் எங்க வீட்டுல ஒருத்தரும் சிரிக்க மாட்டோம்."

எழுந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். கீபோர்டில் விரல்கள் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், கதவைச் சாத்தாமல், எதிரிலிருந்த சுவரிடம் பேசினார்:

"நான் கீழ தே தாரிக் குடிக்கப் போறேன். ஸ்கிரீன் திறந்தே கிடக்குது போல. வயசாச்சு, மறதி லா. வர கால் மணி நேரம் ஆகும். இங்க நான் யாரையும் பார்க்கல."

வாசு சட்டென்று எழுந்தான். "அக்கா!"

"என்ன?"

'வேணாம்கா, பூட்டிட்டுப் போங்க' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் எதுக்கு? நான்தான் யாரையும் பார்க்கலன்னு சொன்னேனே. தங்கச்சி கல்யாணப் படம் வந்தா கொண்டாந்து காட்டு, போதும்."

லிஃப்ட் மூடியது.

வாசு கண்ணாடிக் கதவைத் தாண்டி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தான். கால் மணி நேரம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ராதாகிருஷ்ணனின் அறையில், தன்னை எதற்குக் கான்ட்ராக்டில் எடுத்தாரோ அந்த வேலை முடிந்துவிட்டது என்று வாசு சொன்னான்: வெளியாள் ஒருவன் இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியுமா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த வேலை; நுழைய முடிகிறது. உள்ளே விட்டது யார் என்று அவர் கேட்டார். வாசு பெயரைச் சொன்னான்.