பிரிக்காத மாத்திரை

கை மேலங்கிப் பைக்குள் போனது. விரலில் அலுமினியத் தாள் இடறியது.

அவள் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

காலையில் செல்களை உடைக்கும் முன் பஃபர் கரைசலில் கரைத்திருக்க வேண்டிய மாத்திரை.

கடைசிக் கழுவல் முடிய இன்னும் ஆறு நிமிடம். செல்களின் புரதம் ஏறிய படலத்தோடு தட்டு ஆடிக்கொண்டிருந்தது. இப்படி. அப்படி.

ஜன்னல் வரை போனாள். திரும்பினாள். கொண்டையை அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள்.

ஐந்து நிமிடம்.

மூன்று வருடமாக ஒரே நொதி. செல்லின் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பைச் செய்யும் நொதி. வாலில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் சும்மா மிதக்கும். பாஸ்பேட் விழுந்தால் சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

தங்கள் ஆய்வகத்தின் மருந்து அதை விழவைக்கிறது என்கிறார் பேராசிரியர் ஜெபசிங். அதைக் காட்ட வேண்டியவள் இவள்.

ஆனால் செல்லை உடைத்த கணமே, உள்ளே இருக்கும் வேறு நொதிகள் வெளியே பாய்ந்து, எதிர்ப்பட்ட பாஸ்பேட்டையெல்லாம் கத்தரித்துவிடும். அவற்றைக் கட்டிப்போடத்தான் மாத்திரை. அது வரும் பெட்டியின் மேல் ஜெபசிங்கே சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார்: இதை மறந்தால் எல்லாம் போச்சு.

மருந்து கொடுக்காத செல்களை நேற்று உடைத்தாள். மாத்திரை போட்டாள்.

மருந்து கொடுத்தவற்றை இன்று உடைத்தாள்.

புதிதாகச் செல் வளர்க்க மூன்று வாரம். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவளுடைய ஆய்வுக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது.

டைமர் கத்தியது.

கருவியின் திரையில் படம் மெல்ல ஏறியது. நேற்றைய செல்களுக்கு, பாஸ்பேட் இருப்பதைக் காட்டும் கறுப்புப் பட்டை. இன்றையவற்றுக்கு ஒன்றுமில்லை.

வெள்ளை. சுத்தமான வெள்ளை.

"நாஞ் சொன்னம்லா!" பின்னால் வந்து நின்ற ஜெபசிங் மேசையைத் தட்டினார். "பாஸ்பேட்டு போச்சா? மூணு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே பிள்ள, இப்பமாவது சிரி! ஏ நசீமா, எல்லாருக்கும் டீ சொல்லு. வடையும் சொல்லு!"

"வடையா? நீங்களா சார் சொல்லுதீங்க?" என்றாள் அடுத்த மேசையிலிருந்து நசீமா.

சிரிப்பு.

அவள் மாத்திரையை எடுத்து விசைப்பலகையின் பக்கத்தில் வைத்தாள்.

ஜெபசிங் அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.



"தலவலியா பிள்ள?" என்றார் கடைசியில். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. நல்லாத் தூங்கு. மத்ததக் காலைல பேசிக்கலாம்."

டீ வந்தது. அவளுடையது ஆடை படியும் வரை அப்படியே இருந்தது.

படத்தை அச்செடுத்தாள். ஆய்வு நோட்டில் இன்றைய தேதியின் கீழ் ஒட்டினாள். அதன் பக்கத்தில், அலுமினியத் தாளோடு, மாத்திரையை வைத்தாள். மேலே டேப்பை இழுத்து அழுத்தினாள்.

ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் பேராசிரியர் கையெழுத்திட வேண்டும்.

நோட்டை அவர் மேசையில் வைத்தாள்.

அது சரியாக மூடவில்லை.